அட்டையில் ஒரு கோடு

என் மருமகளுக்கு எடுக்க வேண்டிய ஒரு சின்னப் பரிசோதனையை எடுக்க விடாமல், அவளை மருத்துவமனையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவள்மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்று அங்கே எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். சொன்னது பொய். பரிசோதனையில் என்ன வருமோ என்ற பயத்தில்தான் அழைத்து வந்தேன். அதனால் அவள் உடம்பிலிருந்து ஓர் உறுப்பு போயிற்று.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க மாமா. ஆனா என் பேர் வேணாம், ஜெசின்னு வைங்க. ஸ்கூல்ல படிக்கும்போது அந்தப் பேர் மேல எனக்கு ஒரு ஆசை" என்றாள். ஆகவே ஜெசி.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சாந்தோமில் கடற்கரைப் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் வீடு. மனைவி லில்லி இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் ராபின் சரக்குக் கப்பலில் பொறியாளர். ஏறினால் ஒன்பது பத்து மாதம் கழித்துத்தான் இறங்குவான். அவன் மனைவி ஜெசி அடையாறில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஆக, வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

அந்த மழைக்காலத்தில் ஜெசி அடிக்கடி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டால் "ஒண்ணுமில்ல மாமா, கேஸ்" என்பாள். மீன் குழம்பு வாசனை பிடிக்கவில்லை என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தாள். இன்னொரு நாள் மழையில் உடன் வேலை செய்யும் பையன் ஒருவன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். இவ்வளவுதான். ராபின் கப்பலேறி ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்த நான் முயலவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை வலி தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மந்தைவெளியில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துப் போனேன். பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். வயிற்றின் வலப்பக்கம் கீழே அழுத்திப் பார்த்தார்.

"கடைசி பீரியட்ஸ் எப்போம்மா?"

ஜெசி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "தள்ளிப் போயிருக்கு டாக்டர். மூணு வாரம் இருக்கும்" என்றாள்.

"பிரெக்னன்சிக்கு வாய்ப்பு இருக்கா?"

ஜெசி வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொன்னேன். "இல்லை. அவ புருஷன் ஏழு மாசமா கப்பல்ல இருக்கான்."

"சார், நான் அவங்களைக் கேட்டேன்."

"அவளைக் கேட்டாலும் அதே பதில்தான்."

மருத்துவர் எழுதிக்கொண்டே சொன்னார். "வயித்துவலின்னு வர்ற, பீரியட்ஸ் வர்ற வயசுல இருக்கிற எல்லாருக்கும் யூரின் டெஸ்ட் எடுப்போம் சார். கல்யாணம் ஆகலைன்னாலும் எடுப்போம். இதுல தப்பா நினைக்க ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கப்புறம் ஸ்கேன்."

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு அந்த டெஸ்ட் தேவையில்லை. எங்களுக்கு அவமேல நம்பிக்கை இருக்கு. வலிக்கு ஊசி போட முடியுமா, முடியாதா?"

பக்கத்துப் படுக்கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஜெசி மெதுவாகச் சொன்னாள்: "எடுத்துக்கலாமே மாமா."

"வேண்டாம்மா. வா."

அந்த மருத்துவர் ஊசியோடு எழுந்து நின்றது நினைவிருக்கிறது. "வலி திரும்ப வந்தா, வாந்தி வந்தா, உடனே வாங்க. தள்ளிப்போடாதீங்க" என்று ஜெசியைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. போட்டுக்கொண்ட ஊசியில் வலி அடங்கியது. வரும் வழியில் நான் ஓம வாட்டரும் ஒரு கேஸ் மாத்திரை அட்டையும் வாங்கினேன். ஆட்டோவில் ஜெசி என்னிடம் பேசவில்லை. அவளுக்குக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மதியம் நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மாடியில் குடியிருக்கும் நூர்ஜஹான் செருப்பைக்கூடக் கழற்றாமல் விறுவிறுவென்று உள்ளே வந்தார். ஜாக்கெட், சுடிதார் தைப்பவர். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா சார், பேப்பர் பட்ச்சிக்கினு கீறீங்க? உள்ளார பொண்ணு வாந்தி எடுத்துக்கினு கீது!"

"எனக்குத் தெரியாதே. கூப்பிடவில்லையே."

"என்னியத்தான் போன் பண்ணி கூப்ட்டுச்சு. எந்திரிங்க, வண்டி வர சொல்லிக்கீறேன்."

ஒரே வீட்டில், பக்கத்து அறையில் நான் இருக்க, அவள் மாடிக்கு போன் செய்திருக்கிறாள். அதன் பொருளை யோசிக்க அப்போது நேரமில்லை. ஜெசியின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. வலி விட்டுவிட்டு வருகிறது, வரும்போது யாரோ உள்ளே துணியைப் பிழிவது போல் இருக்கிறது என்றாள். நானும் பின்னால் ஏறப் போனபோது ஆட்டோக்காரர், "பெர்சு, நீ முன்னால வந்து குந்து. பின்னாடி லேடீஸ் படுத்துக்கினு வரட்டும்" என்றார். குந்தினேன். மயிலாப்பூரில் பெரிய மருத்துவமனைக்குப் போனோம்.

அவசரப் பிரிவில் கேட்ட முதல் கேள்வியும் அதேதான். இம்முறை நான் பேசவில்லை. "வாய்ப்பில்ல டாக்டர். ஆனா டெஸ்ட் எடுத்துடுங்க" என்று ஜெசியே சொன்னாள். நூர்ஜஹான் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போய்வந்தார். செவிலியர் படுக்கை ஓரத்துத் தட்டில் ஒரு வெள்ளை அட்டையை வைத்துச் சில சொட்டுகள் விட்டார்.

நான் திரைச்சீலையின் ஓரம் நின்றிருந்தேன். நாற்பது ஆண்டு மாணவர்களுக்குச் சோதனைக் குழாயில் நிறம் மாறுவதைக் காட்டியவன். அந்த அட்டையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஈரம் மெல்லப் பரவி ஒரு சிவப்புக் கோடு எழுந்தது.

கோடு வந்துவிட்டது. அப்படியானால் உண்மைதான் என்று நினைத்தேன்.

நிமிர்ந்தபோது ஜெசி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையை அல்ல, என் முகத்தை. எவ்வளவு நேரமாகப் பார்த்தாள் என்று தெரியாது. வேண்டியதைப் படிக்கப் போதுமான நேரம்.

"நெகட்டிவ்" என்றார் செவிலியர், அட்டையைக் குப்பையில் போட்டபடி.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கோடு எப்போதும் வர வேண்டும். அட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அத்தாட்சி அது. இரண்டாவது கோடு வந்தால்தான் கர்ப்பம். ஆய்வகத்தில் ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் நான் சொன்ன பாடம்தான் இது. ஒரு சோதனையை நம்புவதற்கு முன்னால், அந்தச் சோதனை வேலை செய்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு அந்த அட்டை ஒழுங்காக வேலை செய்தது. நான்தான் பார்த்தவுடன் தீர்ப்பு எழுதினேன்.

அடுத்து ஸ்கேன். வயிற்றின்மேல் களிம்பு தடவி ஒரு கருவியை நகர்த்தினார்கள். பிறகு அறுவை மருத்துவர் வந்து ஜெசியிடம் விளக்கினார். என் வயதில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை என்பதால், அவர் சொன்னதை எழுதுகிறேன்.

கருப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சினைப்பைகள், பாதாம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியவை. மாதாமாதம் ஏதாவது ஒன்றில் ஒரு கருமுட்டை சிறு நீர்க்குமிழிக்குள் வளரும். குமிழி உடைந்து முட்டை வெளியேறும். கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் மாதவிடாய் வரும். சில மாதங்களில் அந்தக் குமிழி உடையாமல் பெரிதாகிக்கொண்டே போகும். அதுதான் நீர்க்கட்டி. முட்டை வெளியே வராததால் மாதவிடாயும் தள்ளிப்போகும். பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். ஜெசிக்குக் கரையவில்லை. சாத்துக்குடியைவிடச் சற்றுச் சிறிய அளவுக்கு வளர்ந்து, அதன் கனத்தில் வலது சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொண்டுவிட்டது. முறுக்கினால் ரத்தம் போகாது. கொஞ்சம் திரும்பிக்கொண்டால் வலி குறையும், மறுபடி முறுக்கினால் கூடும். சனிக்கிழமை ஊசியில் அடங்கியது என்று நான் நினைத்த வலி இப்படி வந்து போய்க்கொண்டிருந்த வலிதான்.

"கேமரா வெச்சு ஆபரேஷன் பண்ணணும். முறுக்கை எடுத்து விட்டுப் பார்ப்போம். நிறம் திரும்பினா சினைப்பையைக் காப்பாத்திடலாம். திரும்பலைன்னா எடுக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் போகணும்" என்றார்.

ஒப்புதல் தாளை நீட்டினார். பழக்க தோஷம், என் கை பேனாவுக்குப் போய்விட்டது. அவர் தாளை எனக்கு எட்டாமல் நகர்த்தி ஜெசியின் மார்பருகே வைத்தார். "அவங்க நினைவோட இருக்காங்க சார். அவங்கதான் சைன் பண்ணணும்." ஜெசி கோணலாகக் கையெழுத்திட்டாள். அறுவை அரங்கின் கதவு வரை நூர்ஜஹானின் அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டே போனாள்.

காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தம் மனைவியின் பிரசவத்துக்காக வந்திருந்தார். ராயப்பேட்டையில் கறிக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். பதற்றத்தில் நிறுத்தாமல் பேசினார்.

"உங்களுக்கு யாரு சார் உள்ள?"

"மருமகள்."

"டெலிவரியா?"

"இல்லை."

"பரவால்ல சார், அடுத்த தபா அதுக்கே வருவீங்க" என்று தோளைத் தட்டினார். நல்ல மனிதர். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உதவி மருத்துவரான ஒரு பெண் கணினி முன் உட்கார்ந்திருந்தார். எனக்கு அறிய வேண்டும் என்ற அரிப்பு. குற்ற உணர்ச்சியில் இருக்கும்போதும் அது போகவில்லை. மாதவிடாய் தள்ளிப்போய் அடிவயிறும் வலித்தால் வேறு என்னவெல்லாம் இருக்கலாம் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். முதலில் கர்ப்பம், அதிலும் கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கிவிட்டால் குழாய் வெடித்து உயிரே போகலாம், அதனால்தான் அந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் முன்னால். அப்புறம் நீர்க்கட்டி, முறுக்கு, கிருமித் தொற்று. வலி மட்டும் என்றால் குடல்வால், சிறுநீரகக் கல்கூட இருக்கலாம். தள்ளிப்போவது மட்டும் என்றால் தைராய்டு, சினைப்பைகளில் சின்னச் சின்னக் கட்டிகள், எடை ஏறி இறங்குவது, தூக்கம் கெடுவது, மனக்கவலை. "எக்ஸாம் டைம்ல எனக்கே தள்ளிப்போயிருக்கு சார்" என்றார் அந்தப் பெண், சாதாரணமாக.

வகுப்பில் ஒரு வெள்ளைத் தூளைக் கொடுத்து இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். வரிசையாகச் சோதித்து, இல்லை, இல்லை, இல்லை என்று தள்ளிக்கொண்டே வர வேண்டும். முதல் சோதனையைத் தாண்டிக் குதித்தவன் கடைசியில் தவறான விடைதான் எழுதுவான். 'இல்லை' என்று வருவதும் ஒரு விடை. அதற்கும் மதிப்பெண் உண்டு. எத்தனை பையன்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன்! உதவி மருத்துவர் சொன்ன வரிசையில் முதல் சோதனையை நான் மானப் பிரச்சினையாக்கினேன். இல்லை என்று வந்திருந்தால் சனிக்கிழமையே ஸ்கேன் நடந்திருக்கும்.

இருட்டத் தொடங்கும்போது அறுவை மருத்துவர் வெளியே வந்தார். முறுக்கை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்களாம். கறுப்பு மாறவில்லை. வலது சினைப்பையை எடுத்துவிட்டார்கள். இடது நன்றாக இருக்கிறது, ஒன்றே போதும், குழந்தை பெறத் தடையில்லை என்றார். நான் கேட்டேன்: "சனிக்கிழமை வந்திருந்தால்?"

"உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா காப்பாத்தியிருக்க வாய்ப்பு அதிகம்."

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. நூர்ஜஹான் தையல் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தங்கினார். மேற்கு மாம்பலத்திலிருந்து ஜெசியின் அம்மா வந்தார். நான் பார்வை நேரத்தில் போய், கஞ்சி, இளநீர், கழுவிய துண்டு என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கால்மாட்டில் நின்றேன். பில்லைக் கட்டினேன், காப்பீட்டு மேசையில் வரிசையில் நின்றேன். ஜெசி எல்லாவற்றுக்கும் "தேங்க்ஸ் மாமா" என்றாள். கடைசி நாள், "காசு விஷயத்துல நீங்க எப்பவுமே குறை வெச்சதில்ல மாமா" என்றாள். அந்த வாக்கியத்தின் மீதிப் பாதியை நான் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

உடம்பு தேறும்வரை அம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லி மாம்பலம் போனாள். தேறிய பிறகும் வரவில்லை. அங்கிருந்தே பேருந்தில் அலுவலகம் போக ஆரம்பித்தாள். நான் போய்ப் பார்த்தேன். அவள் அம்மா காபி போட உள்ளே போன நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"ஜெசி, அன்னைக்கு நம்பிக்கைன்னு சொன்னேனே, அது பொய். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன். என்ன வருமோன்னு பயந்துதான் இழுத்துட்டு வந்தேன்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் மாமா. மந்தைவெளியிலயே லேசா தெரியும். அந்த அட்டையைப் பார்த்தீங்களே, அப்ப நல்லாவே தெரிஞ்சுது."

"மன்னிச்சிடும்மா."

"எடுத்த எடுப்புல மன்னிப்புக் கேட்டா நான் என்ன சொல்றது? அவர்கிட்ட சொன்னீங்களா?"

"ராபின்கிட்டயா?"

"ஆமா. நான் சொல்லல. ஆபரேஷன் ஏன் லேட்டாச்சுன்னு கேட்டாரு. அப்பாகிட்ட கேளுங்கன்னுட்டேன்."

கப்பல் ஏதோ துறைமுகத்தைத் தொட்ட அன்று ராபின் பேசினான். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கேட்டான்: "அவ பீரியட்ஸ் தள்ளிப்போச்சுன்னு எனக்கு முன்னாடியே சொன்னா. ஒரு செகண்ட்கூட எனக்கு அப்படித் தோணலப்பா. கூடவே இருந்த உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

அதன்பிறகு சில வாரங்கள் அவன் பேசவில்லை.

அடுத்து மந்தைவெளிக்குப் போனேன். அதே இளம் மருத்துவர்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு உங்க சத்தத்துக்கு நானும் பயந்துட்டேன் சார். பொண்ணு எடுத்துக்கலாம்னு சொல்லிச்சு. அதை நான் பிடிச்சிருக்கணும்."

"நீங்க சரியாத்தான் கேட்டீங்க. தப்பு என்னுது."

"கேட்ட இடம் தப்பு" என்றார். "இனிமே கூட வந்தவங்களை முதல்ல வெளிய அனுப்பிட்டுத்தான் கேக்கப்போறேன். புருஷனா இருந்தாலும், அம்மாவா இருந்தாலும். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்."

ஒரு மாதம் கழித்து ஜெசியே அழைத்தாள். மறுபரிசோதனைக்கு மயிலாப்பூர் வர வேண்டும், அம்மாவுக்குக் காய்ச்சல், நூர்ஜஹான் ஒரு கல்யாண ஆர்டரில் மாட்டிக்கொண்டிருக்கிறார், நீங்கள் வர முடியுமா என்று. நான் குறித்த நேரத்துக்கு வெகு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். அவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். நான் ஃபைலை அவளிடம் நீட்டினேன்.

"வரலையா மாமா?"

"இங்கேயே இருக்கேம்மா."

ஒரு நொடி நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு மெல்லிய பலகைதான். மருத்துவர் ஏதோ கேட்பது கேட்டது. ஜெசி பதில் சொல்வதும் கேட்டது. இன்னும் ஓரடி நகர்ந்தால் வார்த்தைகள் புரிந்திருக்கும். இடது சினைப்பை எப்படி இருக்கிறது, மாதவிடாய் ஒழுங்காக வந்ததா, மறுபடி கட்டி வருமா என்று எனக்குள் கேள்விகள் குவிந்திருந்தன. எழுந்து எதிர்ச்சுவர் ஓரமாக, மின்விசிறி அதிகம் இரைச்சல் போட்ட இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

வெளியே வந்தாள். இருவரும் தெருவுக்கு வந்தோம்.

"ஆட்டோவா, பஸ்ஸா?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ சொன்னா கேக்கறேன்."

கொஞ்ச தூரம் நடந்தாள். ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்தாள். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"அவர் வந்ததும் அவர்கிட்ட முதல்ல சொல்றேன்" என்றாள். "அதுக்கப்புறம் உங்களுக்கு."

"சரிம்மா."

"பஸ்லயே போலாம் மாமா. உக்கார இடம் கிடைக்கும்."

மாம்பலம் போகும் பேருந்து வந்தது. ஏறி, பெண்கள் பக்கத்தில் சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கம் எனக்கும் ஓர் இடம் இருந்தது. பேருந்து கிளம்பியபோது அவள் திரும்பி, நான் ஏறிவிட்டேனா என்று பார்த்தாள்.